வீட்டு வாசலில் ஒரு பட்டறை



ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. தோட்டத்து வீட்டு வாசலில் ஒரு பழைய கார் நிற்கிறது. முன்மூடி திறந்திருக்கிறது. காரின் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. பக்கத்தில் ஒரு சிறுவன் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறான். "அரை மணி நேர வேலைதான், எண்ணெயை மாற்றிவிட்டு வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா உள்ளே நுழைந்தார். மணி பன்னிரண்டு ஆகிறது. சோறு ஆறிப்போகிறது. கோயிலுக்குப் புறப்பட்டவர்கள் உடுத்திய சேலையோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு அவர் எழுந்து வரும்போது கையில் காயம், முகத்தில் கரி, மனத்தில் கோபம். "இந்தச் சின்ன வேலைக்குக்கூட நமக்கு அறிவு போதவில்லையே" என்று தம்மையே நொந்துகொள்கிறார்.

இந்தக் காட்சியைக் காணாத குடும்பம் நம்மில் குறைவு. கார் நமக்கு ஆடம்பரப் பொருளன்று. பிரசவ வலி எடுத்த பெண்ணை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அதுதான். பேருந்து வராத செம்மண் சாலையிலிருந்து பிள்ளையை இடைநிலைப்பள்ளிக்குக் கொண்டுபோவதும் அதுதான். பட்டறையில் விட்டால் கூலி கொடுக்க வேண்டும். ஆகவே நம்மவர்கள் தாங்களே ஸ்பேனரை எடுக்கிறார்கள். அப்படி எடுத்தவர் திண்டாடினால் குறை அவருடையதா, காருடையதா? இந்தக் கேள்விக்கு விடை காரின் வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப்போகிறோம்.

முதலில் 1888-ஆம் ஆண்டை மனத்தில் குறித்துக்கொள்வோம். அந்த ஒரே ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. ஜெர்மனியில் ஒரு பெண்மணி காரில் முதல் நெடும்பயணம் போனார். பெல்பாஸ்ட் நகரில் ஜான் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கரச் சைக்கிளுக்காகச் செய்த காற்றடைத்த ரப்பர் டயருக்குக் காப்புரிமை பெற்றார். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்க ஹென்றி ரிட்லி வந்து சேர்ந்தார். ரப்பர் மரத்தை நடுங்கள், நடுங்கள் என்று மலாயா முழுவதும் சொல்லித் திரிந்தவர் அவர்தான். காரும் டயரும் பால்மரமும் ஒன்றையொன்று தேடி வந்ததுபோல் ஒரே ஆண்டில் வரலாற்றில் நுழைந்தன. நம் பாட்டன் பாட்டி கப்பலேறி இந்நாட்டுக்கு வந்ததற்கும் இந்த மூன்றுக்கும் எவ்வளவு நெருங்கிய தொடர்பு என்பதை நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஜெர்மன் பெண்மணியின் பெயர் பெர்த்தா பென்ஸ். 1886-இல் காருக்குக் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் மனைவி. கணவர் உறங்கிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில், அவருக்குச் சொல்லாமல், பதின்வயது மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து போர்ஸ்ஹைமில் இருந்த தம் தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். தூரம் 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்துபோனது. காலுறையைக் கட்டும் பட்டையை அவிழ்த்து அதன்மேல் சுற்றினார். எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடைக்குப் போய், துணிக்கறை போக்க விற்ற லிக்ராய்ன் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். பிரேக்கின் மரக்கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அதன்மேல் தோல் அடித்துக்கொண்டார்.

உலகின் முதல் வீட்டு மெக்கானிக் ஒரு தாய் என்பது பெருமைப்படத்தக்க செய்தி. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தக் காரில் எல்லாமே வெளியே தெரிந்தன. பழுது எங்கே என்று கண்ணால் பார்க்க முடிந்தது, கையால் தொட முடிந்தது. காரோடு கார் செய்தவரின் வீட்டறிவும் கூடவே பயணம் செய்தது. பெர்த்தாவுக்குப் பின் வந்தவர்களுக்கு இந்த வசதிகள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கின.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1908-இல் அமெரிக்காவின் ஹென்றி போர்டு 'மாடல் டி' என்ற காரை வெளியிட்டார். 1927 வரை ஒரு கோடியே ஐம்பது இலட்சத்துக்கும் மேல் அந்தக் கார்கள் செய்யப்பட்டன. அவற்றின் டயருக்குப் பால் வேண்டும் என்றுதான் மலாயாவில் காட்டை அழித்து ஏக்கர் ஏக்கராக ரப்பர் நட்டார்கள். 1910-இல் ரப்பர் விலை வானத்தைத் தொட்டது. அந்தக் காரை வாங்கியவர்களில் பலர் விவசாயிகள். பக்கத்தில் பட்டறை கிடையாது. தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாடல் டி மிக எளிய கார் என்று இன்றும் புகழ்கிறார்கள். எளிமை உண்மைதான். ஆனால் வேலை குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. எண்ணெய் அளவைப் பார்க்க அதில் அளவுக்கோல் இல்லை. எஞ்சினின் பின்புறம், அடிப்பக்கத்தில், இரண்டு சிறு குழாய்த் திருகுகள் இருந்தன. உடம்பைத் தரையில் கிடத்தி, கையை உள்ளே நீட்டி, ஒவ்வொன்றாகத் திறந்து, எதில் எண்ணெய் சொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று அறிய இருக்கையைத் தூக்கித் தொட்டிக்குள் குச்சியை விட வேண்டும். கியரை மாற்றும் பட்டைகளின் உட்புறத்தில் துணி பொருத்தியிருக்கும். தேயத் தேய அவற்றை இறுக்க வேண்டும். எஞ்சினைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். கைப்பிடி எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். 1912-இல் காடிலாக் கார்களில் சார்ல்ஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் இந்த ஆபத்து மெல்ல மெல்ல நீங்கியது.

ஆக, 'அந்தக் காலத்துக் கார் சுலபம்' என்பது பாதி உண்மை. ஒவ்வொரு வேலையும் சுலபம், ஆனால் வேலைகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

அடுத்து நம் நாட்டுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலாயாச் சாலைகளில் எங்கும் ஓடியது மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948-இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் இதுவே. தோட்டத்தில் கிராணியார், டிரெசர், ஆசிரியர் என்று மாதச் சம்பளக்காரர்கள் சிலர் இதைப் பழையதாக வாங்கி வைத்திருந்தார்கள். ஞாயிறுதோறும் அதன் முன்மூடி திறந்தே இருக்கும்.

அதில் என்னென்ன வேலைகள்? முன்சக்கரத்தைத் தாங்கும் திருகு மூட்டுகளுக்குக் கிரீஸ் துப்பாக்கியால் அடிக்கடி கிரீஸ் ஏற்ற வேண்டும். மறந்தால் மூட்டுத் தேய்ந்து, ஒரு நாள் ஓடுகிற வண்டியிலேயே சக்கரம் மடங்கி விழும். எஞ்சினில் பொறியை உண்டாக்கும் 'பாயிண்ட்' என்ற தொடுமுனைகள் இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி, ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் ஏறத்தாழ 15 பங்கு. ஐந்தாறு தலைமயிர்களை ஒன்றாகச் சேர்த்த தடிமன்தான் அது! அந்த அளவை மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். திருகை இறுக்கும்போது அது மறுபடி நகர்ந்துவிடும். மறுபடி அளக்க வேண்டும். கைவிளக்கு பிடிக்கும் பையனுக்குத் திட்டு விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வால்வு இடைவெளி சரிசெய்வதில் ஓர் அழகான கணக்கு இருந்தது. 1952 முதல் மோரிஸ் மைனரில் பொருத்திய எஞ்சினில் எட்டு வால்வுகள். எட்டாவது வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்ய வேண்டும். ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவதை. ஆறாவது என்றால் மூன்றாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். மாணவச் செல்வங்களே, கூட்டல் கணக்கு எங்கெல்லாம் பயன்படுகிறது பார்த்தீர்களா!

இவையெல்லாம் பழகினால் கைவரும். ஆனால் பழகினாலும் கைவராத வேலை ஒன்று அதே காரில் ஒளிந்திருந்தது. பிரேக் எண்ணெய் நிறைந்த மாஸ்டர் சிலிண்டரை ஓட்டுநர் காலடியில், சட்டத்தின் உள்ளே வைத்திருந்தார்கள். எண்ணெய் ஊற்றவே தரைவிரிப்பைத் தூக்க வேண்டும். சிலிண்டர் கெட்டுவிட்டாலோ, அதைப் பிடித்திருக்கும் போல்ட்டை உருவ முடியாமல் முன்சக்கரத்தின் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். பிரேக்கைப் பார்க்கப் போனவர் சக்கரத்தின் வில்லையே தளர்த்த வேண்டியதாயிற்று. அதுவோ முறுக்கேறி நிற்கும் இரும்பு, தவறாகத் தளர்த்தினால் ஆளையே அடித்துவிடும்.

இங்கேதான் நம் கேள்விக்கு முதல் விடை கிடைக்கிறது. தொழிற்சாலையில் காரைக் கட்டும்போது முதலில் சட்டம், பிறகு சிலிண்டர், அதன் பிறகு கம்பி என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே எல்லாம் சுலபம். வீட்டில் பழுது பார்ப்பவரோ கட்டி முடித்த காருக்குள் கையை விட வேண்டியிருக்கிறது. அவருக்கு வேலை தெரியாமலில்லை. வேலை இருக்கும் இடத்துக்குக் கை எட்டவில்லை, அவ்வளவுதான். கட்டுபவரின் வசதி வேறு, பேணுபவரின் வசதி வேறு. இரண்டும் மோதும்போது விலைகொடுத்து வாங்கியவர்தான் தோற்கிறார்.

இசிகோனிஸ் வடிவமைத்து 1959-இல் வெளிவந்த 'மினி' காரையும் பாருங்கள். சின்னக் காரில் நான்கு பேர் தாராளமாக உட்கார இடம் கிடைப்பதற்காக எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். உலகமே வியந்து பின்பற்றிய யோசனை அது. ஆனால் பொறிபகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்புறக் கம்பிவலைக்கு நேரே வந்துவிட்டது. மழைநீர் தெறித்தால் எஞ்சின் நின்றுபோகும். நம் நாட்டு மழையைப் பற்றிக் கேட்கவா வேண்டும்? உட்காருபவருக்குக் கிடைத்த இடம், பழுது பார்ப்பவரிடமிருந்து எடுத்த இடம்.

கை எட்டினாலும் கருவி பொருந்த வேண்டுமே! இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் திருகாணிகளுக்கு ஒரே அளவுமுறையை முன்மொழிந்தார். அமெரிக்காவில் 1864-இல் வில்லியம் செல்லர்ஸ் வேறொரு முறையைச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் நேசநாடுகள் ஒன்றின் நட்டு மற்றதன் போல்ட்டில் ஏறாமல் பெரும் தொல்லைப்பட்டன. அதனால் 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரு பொதுமுறைக்கு உடன்பட்டன. ஆனால் பழைய போல்ட்டுகள் ஒரே நாளில் மறைந்துவிடுமா? விட்வொர்த் ஸ்பேனரில் அரை அங்குலம் என்று பொறித்திருந்தால் அது போல்ட்டின் உடலளவு. அதன் வாய் முக்கால் அங்குலத்துக்கும் மேல் அகலம். புதுமுறை ஸ்பேனரில் அரை என்றால் வாயின் அகலமே அரை. இரண்டிலும் ஒரே எண், ஆனால் ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. போதாக்குறைக்கு, 1923-இல் வில்லியம் மோரிஸ் வாங்கிய கோவெண்ட்ரி எஞ்சின் தொழிற்சாலையில் பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் கம்பெனியின் இயந்திரங்கள் இருந்தன. அதனால் பல ஆண்டுகள் மோரிஸ் எஞ்சின் போல்ட்டுகளின் மரை மெட்ரிக், தலை விட்வொர்த்! பிறகு ஜப்பானியக் கார்கள் வந்தன. 10, 12, 14 மில்லிமீட்டர் என்று மூன்றாவது கணக்கு தொடங்கியது. 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் அரை அங்குலப் போல்ட்டில் பொருந்துவதுபோல் தோன்றும். அழுத்தித் திருப்பினால் மூலை மழுங்கிவிடும். ஜப்பானியக் கூட்டல்குறித் திருகாணிக்கும் மேல்நாட்டுப் பிலிப்ஸ் திருப்புளிக்கும் வடிவத்தில் நூலிழை வேறுபாடு உண்டு. கப்பச்சாய் மோட்டார் சைக்கிளின் திருகாணித் தலைகள் எத்தனையோ வீடுகளில் அரைத்துப்போய்க் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கைக்குப் பலம் இல்லாமலில்லை, கருவிக்குத்தான் பொருத்தம் இல்லை.

இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒருவர் முயன்றார். ஜான் ஹேன்ஸ் என்ற ஆங்கில இளைஞர் 1956-இல், பள்ளி மாணவராக இருந்தபோதே, பழைய ஆஸ்டின் 7 காரைக்கொண்டு விளையாட்டுக் கார் கட்டும் விதத்தைச் சிறு நூலாக எழுதினார். அச்சிட்ட 250 பிரதிகளும் பத்தே நாளில் விற்றுத் தீர்ந்தன. பிறகு விமானப் படையில் சேர்ந்து ஏடனில் பணியாற்றியபோது நண்பர் ஒருவரின் காரைச் செப்பனிட நேர்ந்தது. கம்பெனி கொடுத்த புத்தகம் பட்டறைக்காரருக்காக எழுதப்பட்டது, வீட்டுக்காரருக்கு உதவாது என்பதை அப்போது கண்டார். காரை முழுக்கக் கழற்றி, ஒவ்வொரு படியையும் படம்பிடித்து, மறுபடி பூட்டி, அந்த அனுபவத்தைக் கொண்டே கையேடு எழுதினார். முதல் கையேடு 1966-இல் வந்தது. பல மில்லியன் வீடுகளில் கிரீஸ் கறையோடு இத்தகைய கையேடுகள் கிடந்தன. எழுதத் தெரிந்தவர் கையும் அழுக்கானால்தான் படிப்பவருக்குப் பயன் என்பது ஆசிரியர்களாகிய நமக்கும் நல்ல பாடம்.

ஆனால் எந்தக் கையேடும் முழுமையாகச் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. 'வடிகால் திருகைக் கழற்றுக' என்று புத்தகம் ஒரே வரியில் சொல்லும். அந்த ஒரு வரி எவ்வளவு நீளம் என்பதை நாம் ஒரு பள்ளி விடுமுறையில் தெரிந்துகொண்டோம்.

பழைய கார் ஒன்று வாங்கியிருந்தோம். எண்ணெய் மாற்ற அடியில் நுழைந்தோம். முன்னர் யாரோ அந்தத் திருகை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார்கள். அசையவில்லை. ஸ்பேனரின் முனையில் இரும்புக் குழாயை மாட்டி நெம்பினோம். காரைத் தாங்கியிருந்தது ஒரே ஒரு ஜாக்கி. அதன் கீழே முதல்நாள் மழையில் ஊறிய செம்மண். நெம்பிய வேகத்தில் கார் அசைந்தது. அதை நாம் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் கவனித்தார். தோட்டத்து லாரியை முப்பது ஆண்டுகள் ஓட்டியவர் அவர். "வாத்தியாரையா, பேசாம வெளிய வாங்க. ஜாக்கி சாயுது" என்றார். குரலை உயர்த்தவேயில்லை. நாம் வெளியே வந்த சிறிது நேரத்தில் ஜாக்கி மண்ணில் புதைந்தது. கார் ஒரு பக்கமாக உட்கார்ந்தது. நம் மகன் விளக்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றான்.

பெரியவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. இரண்டு தண்டவாளக் கட்டைகளைக் கொண்டுவந்து போட்டார். காரை உயர்த்திக் கட்டைமேல் நிறுத்திவிட்டு, எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தச் சொன்னார். "எண்ணெய் கொஞ்சம் சூடானா இளகும். அவசரப்பட்டா இரும்பும் அடம் பிடிக்கும்" என்றார். சரியான ஸ்பேனரைப் பொருத்தி, அதன் பிடியில் சுத்தியலால் ஒரே தட்டு. திருகு கழன்றது. அரை மணி நேர வேலை ஆறு மணி நேரம் ஆயிற்று. ஓர் உயிரும் மிஞ்சிற்று. நேயர்களே, ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. இந்த ஒரு சொற்றொடரை நீங்கள் நினைவில் வைத்தால் இன்றைய உரைக்குப் பயன் கிடைத்துவிடும்.

அக்காலத்தார் அறியாமல் பட்ட துன்பங்களும் உண்டு. பிரேக் டிரம்மில் சேரும் தூளை வாயால் ஊதித் தள்ளுவார்கள். அந்தத் தூளில் அஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் கலந்திருந்தது. அது நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயைத் தரும். பிரிட்டன் 1999-இல்தான் கல்நாரை முற்றாகத் தடைசெய்தது. வடித்த கறுப்பு எண்ணெயைக் கரையானுக்கு மருந்து என்று வேலிக்கம்பங்களில் பூசுவதும், கானில் ஊற்றுவதும் நம்மிடையே வழக்கமாக இருந்தது. அந்த எண்ணெய் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் நஞ்சு. மலேசியாவில் 2005-ஆம் ஆண்டு விதிகள் கழிவு எண்ணெயை அட்டவணைக் கழிவுகளில் ஒன்றாக வைத்திருக்கின்றன. அதைப் பாத்திரத்தில் பிடித்து, மூடி, வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுப்பதே முறை.

1985 ஜூலை 9-ஆம் நாள் நம் நாட்டின் புரோட்டோன் சாகா வெளிவந்தது. மிட்சுபிஷி காரை அடிப்படையாகக் கொண்டது அது. 1994-இல் பெரோடுவா கன்சில் வந்தது. எத்தனையோ தோட்டக் குடும்பங்களின் முதல் கார் இவற்றில் ஒன்றுதான். கிரீஸ் துப்பாக்கியின் வேலை ஏறக்குறைய ஒழிந்தது. பாயிண்ட் போய் மின்னணுப் பொறியமைப்பு வந்தது. ஆயிரம், இரண்டாயிரம் மைலுக்கு ஒருமுறை வந்த வேலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குத் தள்ளிப்போயின. ஆனால் எஞ்சினின் பக்கவாட்டில், மூடிக்குள், ரப்பராலான டைமிங் பெல்ட் என்ற வார் ஒன்று ஒளிந்து ஓடியது. அது கிரீச்சிடாது, ஒழுகாது, எச்சரிக்காது. காலம் கடந்தால் திடீரென்று அறும். சில எஞ்சின்களில் அது அறுந்தவுடன் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சினே பாழாகும். மோரிஸ் மைனர் ஞாயிறுதோறும் முனகித் தன் குறையைச் சொன்னது. புதிய கார் ஒன்றும் சொல்லாமல் இருந்தது.

இதற்கிடையே மேல்நாடுகளில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. அமெரிக்காவில் 1970-இல் தூய காற்றுச் சட்டம் வலுப்பெற்றது. 1975-ஆம் ஆண்டுக் கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் கருவி பரவலாயிற்று. கார்புரேட்டர் மறைந்து, எரிபொருளைக் கணினி அளந்து தெளிக்கும் முறை வந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்கள் யாவற்றுக்கும் கோளாறைக் குறிமொழியில் சொல்லும் ஒரே வகைச் செருகுமுனை கட்டாயமாயிற்று. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் அதே வழி பிறந்தது. காற்று தூய்மையாயிற்று. அது நம் பிள்ளைகளின் மூச்சுக்கு நல்லது, அதை நாம் குறைசொல்லக் கூடாது. ஆனால் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டு அறிந்த பழுதை இனிக் கருவி கொண்டு கேட்டுத்தான் அறிய வேண்டும் என்றாயிற்று. இன்று மின்சாரக் கைப்பிரேக் உள்ள பல கார்களில் பின்பக்கப் பிரேக் கட்டையை மாற்றவும், முதலில் கணினியிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.

மக்கள் இதை எதிர்த்து வாய்மூடி இருக்கவில்லை. காரை வாங்கியவருக்கு அதைப் பழுது பார்க்கும் தகவலையும் பெற உரிமை உண்டு என்று 2012-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் பெருவாரியாக வாக்களித்தார்கள். ஹேன்ஸ் கம்பெனி புதிய கார்களுக்கு அச்சுக் கையேடு வெளியிடுவதை நிறுத்துவதாக 2020-இல் அறிவித்தது. அதேவேளையில், கோளாறுக் குறியைப் படிக்கும் சிறு கருவி கைபேசியோடு இணையும் அளவுக்கு எளிதாகிவிட்டது. ஒரு கதவு சாத்தும்போது மறுகதவு சற்றே திறக்கிறது.

ஆகவே, வரலாறு நமக்குச் சொல்வது என்ன? காரைப் பேணும் கடினம் எந்தக் காலத்திலும் குறைந்துவிடவில்லை. அது இடம் மாறியது. முதலில் வேலைகள் பல, ஆனால் கை எட்டியது. பிறகு வேலை குறைந்தது, கை எட்டவில்லை. இப்போது கை எட்டினாலும் கண்ணுக்குப் புலப்படவில்லை. காரின் அடியில் கிடந்து திண்டாடும் தந்தை அறிவில்லாதவர் அல்லர். அவரை நினைத்துக் கட்டப்படாத ஒன்றோடு அவர் போராடுகிறார்.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? எல்லாவற்றையும் விட்டுவிடுவதும் தவறு, எல்லாவற்றிலும் கைவைப்பதும் தவறு. வாரம் ஒருமுறை, குளிர்ந்த எஞ்சினில், எண்ணெய் அளவையும் ரேடியேட்டர் நீரையும் பாருங்கள். பிரேக் எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். டயரின் காற்றையும் தேய்மானத்தையும் பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை, காரின் அடியில் நுழையவும் வேண்டாம். எண்ணெய் மாற்றுவதானால் கெட்டித் தரையில், தாங்கிகளின் மேல் நிறுத்திச் செய்யுங்கள். அரை மணி வேலைக்கு அரை நாளை ஒதுக்குங்கள். பதறிய காரியம் சிதறும். பிரேக்கின் உள்வேலையையும் டைமிங் பெல்ட்டையும் நல்ல போர்மனிடம் விடுங்கள். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. என்ன செய்தோம், எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் என்பதைப் பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றில் எழுதி வையுங்கள். பேசாத காருக்கு அந்த நோட்டுப் புத்தகமே வாய்.

இன்னொன்று. கைவிளக்கைப் பிடிக்கப் பையனை மட்டும் கூப்பிடாதீர்கள், பெண்பிள்ளையையும் கூப்பிடுங்கள். ஸ்பேனரின் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். ஒன்பதாம் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். திட்டாமல் சொல்லிக்கொடுங்கள். நம் முன்னோர் பால் வெட்டிய மரங்களிலிருந்து எடுத்த ரப்பரில்தான் உலகத்தின் கார்கள் ஓடின. அந்தச் சக்கரங்களுக்கு மேலே என்ன நடக்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும். 1888-இல் பாதி வழியில் நின்றுபோன காரைத் தொப்பி ஊசியால் மறுபடி ஓடவைத்தவர் ஒரு பெண் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.